பெண்கள் பக்கத்து மூன்றாம் கல்

ஆனி பிறந்து சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் குற்றாலத்தில் இரண்டு பேருக்கு ஓய்வு கிடையாது. ஒன்று அருவி. இன்னொன்று குத்தாலிங்கம். அருவிக்குச் சம்பளம் இல்லை, குத்தாலிங்கத்துக்கு உண்டு என்பதுதான் வித்தியாசம். வாங்குகிற சம்பளத்தைப் பார்த்தால் அதுவும் பெரிய வித்தியாசமில்லை என்பார் அவரே.

பஞ்சாயத்தில் அவருக்குப் பாசி வேலை. சாரல் நாளில் ஒரு ராத்திரி போதும், முந்தின நாள் பளிச்சென்று கிடந்த கல்லில் பச்சைப் பட்டு விரித்ததுபோலப் பாசி ஏறிவிடும். பார்க்க அழகு. கால் வைத்தால் இடுப்பு போச்சு. விடிவதற்கு முன்னால், குளிக்கிற கூட்டம் வருமுன், அதைச் சுரண்டி எடுத்துவிட வேண்டும். இரும்புச் சுரண்டி ஒன்று, தேங்காய் உரித்த மட்டை, கதம்பை என்பார்கள், நாலைந்து, ஒரு பை ஆற்று மணல், கொஞ்சம் சுண்ணாம்பு. இவ்வளவுதான் ஆயுதம். சுரண்டி, மணல் போட்டுக் கதம்பையால் தேய்த்துக் கழுவிவிட்டபிறகு, கண்ணை மூடிக்கொண்டு வெறுங்காலோடு ஒவ்வொரு கல்லின்மேலும் ஒரு நடை நடப்பார்.

"கண்ணு பொய் சொல்லும். உள்ளங்கால் சொல்லாது" என்பது அவர் கணக்கு.

இருபத்திரண்டு சாரலாகப் பெண்கள் பக்கத்தில் ஒருத்தர் விழுந்ததில்லை. ஆண்கள் பக்கத்தில் விழுந்தவர்கள் உண்டு. ஆனால் அது கல்லின் குற்றமல்ல, மதுவிலக்கு அமலில் இருந்தும் உள்ளே போயிருந்த சரக்கின் குற்றம்.

கல்லுக்கெல்லாம் பெயர் வைத்திருந்தார். பெண்கள் பக்கத்து முதல் கல் மாமியார்க் கல். நடு இடத்தைப் பிடித்துக்கொண்டு மற்றக் கற்களை ஒதுக்கி வைத்திருந்தது. இரண்டாவது, அகலமாகக் கிடந்ததால் கட்டில் கல். மூன்றாவதற்கு மட்டும் பெயர் இல்லை. அது ஓரத்தில் கிடந்தது. அருவி அங்கே அடிக்காது, தூவும். பிள்ளைத்தாய்ச்சிகளும் முடியாதவர்களும் நிற்கிற இடம். மேலே பாறையில் வடிகிற தண்ணீரெல்லாம் அதன்மேல்தான் இறங்கும் என்பதால் பாசிக்கும் அதுதான் பிடித்த இடம். அதற்கு மட்டும் கதம்பையை இரண்டு தடவை போடுவார்.

விடிந்ததும் பெண்கள் பக்கத்துக்கு முதுகைக் காட்டி, மேல்பாறையில் உட்கார்ந்துவிடுவார். தண்ணீர் நிறம் மாறினால் விசில் ஊத வேண்டும், ஆண்கள் யாரும் அந்தப்பக்கம் எட்டிப் பார்க்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். படியில் இறங்குகிற பெண்களின் முகத்தைப் பார்ப்பதில்லை. காலைப் பார்ப்பார். வெடித்த கால், மருதாணிக் கால், வாதக் கால், தண்டை போட்ட கால். எந்தக் கால் எந்தக் கல்லுக்குப் போகிறது என்று தெரிந்துகொள்வதில் அவருக்கு ஒரு நிம்மதி.

இப்படிப்பட்ட மனிதருக்கு வீட்டில் ஒரு சங்கடம் வந்தது. மகள் ரத்தினத்துக்கு இருபத்தொன்று முடிந்துவிட்டது. எட்டாவது வரை படித்தவள். இரண்டு இடம் வந்து, அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டுவிட்டு, "பாசியா?" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டுப் போனவர்கள் போனவர்கள்தான். மூன்றாவதாகச் சிவகிரியிலிருந்து ஒரு வாத்தியார் மாப்பிள்ளை. பெயர் நாறும்பூநாதன். மேலகரத்தில் ஒரு கல்யாண வீட்டில் ரத்தினத்தைப் பார்த்துவிட்டு, கட்டினால் இவளைத்தான் என்று நிற்கிறான் என்று கேள்வி. ரத்தினமும் அன்றைக்குப் பந்தியில் அவன் இலைக்கு மட்டும் இரண்டு தரம் பாயசம் ஊற்றினாள் என்று கேள்வி.

குத்தாலிங்கத்தின் மனைவி முப்பிடாதியம்மாள் இந்தத் தடவை முன்யோசனையோடு இருந்தாள்.

"பஞ்சாயத்து ஆபீஸ்ல உத்தியோகம்னு சொல்லி விட்டுட்டேன்."

"அதுல என்னளா பொய்யி? சம்பளம் அங்கனதான வாங்குதேன்."

"அதத்தான் நானும் சொல்லுதேன். நாளைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு மாப்பிள்ளயோட அப்பாவும் அம்மாவும் வாறாக. நீங்க வாயத் தொறக்காம இருந்தாப் போதும்."

"வாயத் தொறக்கலன்னா ஊமைன்னு நெனச்சிர மாட்டாகளா?"

"நெனைக்கட்டும். பாசி சுரண்டுத வாயாடிக்கு ஆபீஸ்ல இருக்குத ஊமை மேல்."

சொல்லிவிட்டு, வாசலுக்கு எதிர்ச் சுவரில் சுரண்டியை மாட்டுகிற ஆணியை எட்டிப் பார்த்தாள். நாளைக்கு வேலை முடிந்து வந்ததும் அதைப் பரண்மேல் போட வேண்டும் என்று மனசுக்குள் குறித்துக்கொண்டாள்.

அருவிக்கரையில் துண்டும் சோப்பும் விற்கிற கடையநல்லூர் மசூது, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை ஒன்றை இரவல் தந்தார்.

"இதப் போட்டேருன்னா கலெக்டரே எந்திச்சு நிப்பாருவே."

"எந்திச்சு நின்னு, சட்டைக்குள்ள ஆளு எங்கன்னு தேடுவாரு" என்றார் குத்தாலிங்கம். சட்டை அவரைப்போல இரண்டு பேரைக் கொள்ளும்.

மறுநாள் காலை ஒன்பது மணி இருக்கும். வெயிலும் இல்லாமல் மழையும் இல்லாமல் மலை முழுக்கச் சாரல் பஞ்சாகப் பறந்துகொண்டிருந்தது. குத்தாலிங்கம் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, மசூது கொடுத்தனுப்பிய சுக்குக் காப்பியை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். படியில் ஒரு கால் இறங்கியது. இடது பாதம் உள்பக்கமாக வளைந்த கால். ஒவ்வொரு படியிலும் முதலில் பெருவிரலை வைத்து, யோசித்து, அப்புறம்தான் மிச்சப் பாதத்தை வைத்தது. 'மூணாங்கல்லுக்குப் போ தாயி' என்று மனசுக்குள் சொன்னார். அது மூணாங்கல்லுக்குத்தான் போனது.

அப்போதுதான் பாறைப் பக்கம் ஒரு கனத்த குரல் கேட்டது. "சிவசிவா!"

குத்தாலிங்கத்துக்குக் காப்பி புரையேறியது. மேலகரத்துக் கல்யாணத்தில் தூரத்திலிருந்து கேட்ட குரல்; குரலுக்குரியவர் அன்றைக்கு இவரைக் கவனித்ததில்லை. காதில் சிவப்புக் கடுக்கன், நெற்றியில் மூன்று விரல் அகலத்துக்குத் திருநீறு. சிவகிரியில் நாட்டு மருந்துக்கடை வைத்திருக்கும் சிவனணைந்தபெருமாள். மாப்பிள்ளையின் அப்பா. நாலு மணிக்கு வர வேண்டியவர், குற்றாலத்துக்கு வந்து குளிக்காமல் ஒரு வீட்டு வாசலை மிதிக்கலாமா என்று காலை பஸ்ஸிலேயே வந்து இறங்கியிருந்தார்.

குத்தாலிங்கம் முண்டாசை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு, திரும்பி உட்கார்ந்தார். 'குளிச்சமா, போனமான்னு போயிரும் அண்ணாச்சி.'

அண்ணாச்சி போகவில்லை. அருவிப் பாறையில் வரிசை வரிசையாகச் செதுக்கியிருக்கிற லிங்கங்களைக் கும்பிட்டார். பிறகு பையிலிருந்து ஒரு பெரிய சீசாவை எடுத்தார். நல்லெண்ணெய். பொன் நிறத்தில் ஒன்றரைப் படி இருக்கும். கார்க்கை உருவினார்.

குத்தாலிங்கத்துக்கு அந்தப் பாறையின் வழி ஒவ்வொன்றும் தெரியும். அங்கே ஊற்றுகிற எண்ணெய் லிங்கத்தின் தலையில் நிற்காது. பாறையில் நீளமாகப் பள்ளம் விழுந்த காடி வழியாக இறங்கும், வெடிப்பில் புகும், அப்புறம் நேரே மூன்றாம் கல். கதம்பையை எத்தனை தடவை போட்டிருந்தாலும் எண்ணெய்க்கு அது கணக்கில்லை.

உட்கார்ந்தபடியே விசில் ஊதினார். அண்ணாச்சி திரும்பவில்லை. இன்னொரு தடவை ஊதினார். அண்ணாச்சி கண்ணை மூடி மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். சீசா சரிய ஆரம்பித்தது.

வீட்டில் ரத்தினம் இந்நேரம் வடைக்கு உளுந்து ஊறப் போட்டிருப்பாள் என்ற நினைப்பு வந்தது. அந்த நினைப்போடேயே எழுந்துபோய், அண்ணாச்சியின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"எண்ணெ ஊத்தக்கூடாது அண்ணாச்சி."

சிவனணைந்தபெருமாள் கண்ணைத் திறந்தார். காக்கி டிராயரையும் பாசிக்கறை படிந்த கையையும் பார்த்தார்.

"கையை எடுலே. யாருலே நீ?"

"பாசி சுரண்டுதவன் அண்ணாச்சி."

"பாசி சுரண்டுதவன் பாசியச் சுரண்டு. சாமிக்குச் செய்யுதத மறிக்கதுக்கு நீ யாரு? இது நேர்த்திக்கடன் தெரியுமாலே? ஒரு வருசமா நேந்து வச்சது."

"நேந்தது தப்பில்ல. ஊத்துத எடந்தான் தப்பு. ஒரு சொட்டுத் தொட்டு வையிங்க, சாமி ஏத்துக்கிடும்."

"சாமி என்ன ஏத்துக்கிடும்னு நீ எனக்குச் சொல்லுதியோ? உம் பேரச் சொல்லு. இந்த ஊர்ப் பஞ்சாயத்து ஆபீஸ்ல எனக்கு ஆளு இருக்கு. சம்பந்தம் பண்ணப்போற எடம். குத்தாலிங்கம்னு பேரு. அவருட்ட ஒரு வார்த்தை சொன்னேன்னா சாயங்காலத்துக்குள்ள உன் சீட்டுக் கிழிஞ்சிரும்."

குத்தாலிங்கத்துக்குச் சிரிப்பு தொண்டைவரை வந்தது. அதற்குப் பின்னாலேயே அழுகையும் வந்து நின்றது. இரண்டையும் விழுங்கினார்.

"சொல்லுங்க அண்ணாச்சி. அவரு எனக்கு ரொம்ப வேண்டிய ஆளுதான். ஆனா இந்த ஒரு விசயத்துல அவரும் எம் பக்கந்தான் பேசுவாரு."

"எடுலே கையை!"

குத்தாலிங்கம் கையை எடுக்கவில்லை. இன்னொரு கையால் முண்டாசை அவிழ்த்துத் தோளில் போட்டார்.

"அண்ணாச்சி, கோயில்ல ஒரு சாமிக்கு ஒரு குடம் தண்ணி ஊத்துதாங்க. இங்கன மலையே எறங்கி வந்து ஊத்துது. யாருக்கு ஊத்துது? கீழ நிக்குத ஆளுகளுக்கு. அப்பொ அவுகதான இங்கன லிங்கம்? அவுக நிக்குத கல்லுதான் ஆவுடையார். நான் தெனமும் ஆவுடையாரக் கழுவுதேன். நான் குருக்களும் இல்ல, ஒண்ணும் இல்ல. கழுவுதேன், அவ்வளவுதான். இந்தக் கல்லு லிங்கம் எண்ணெ இல்லன்னா கோவிச்சுக்கிடாது. கீழ நிக்குத லிங்கம் விழுந்தா ஒடஞ்சிரும். கொஞ்சம் முன்னாலதான் இடது காலு வளஞ்ச அம்மா ஒருத்தி எறங்கிப் போனா. உங்க எண்ணெ நேரா அவ கல்லுக்குத்தான் போவும்."

சிவனணைந்தபெருமாளின் கை தளர்ந்தது. கீழே எட்டிப் பார்க்கப் போனவர், பெண்கள் பக்கம் என்பது ஞாபகம் வந்து நின்றார். கார்க்கைச் சீசாவில் வைத்து அழுத்தினார். அது உள்ளே போகவில்லை. சீசாவை அப்படியே பிடித்துக்கொண்டு படியேறிப் போய்விட்டார்.

'பேசி ஜெயிச்சுட்டோம்' என்று குத்தாலிங்கம் நினைத்தார். அடுத்த நிமிஷமே, எதை ஜெயித்தோம், எதைத் தோற்றோம் என்பது உறைத்து, அப்படியே பாறைமேல் உட்கார்ந்தார்.

மத்தியானம் வீட்டில் விஷயத்தைக் கேட்டு முப்பிடாதியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"துண்டால மூஞ்சிய மூடித்தான இருந்திய?"

"பேசும்போது அவுத்திட்டேன்."

"ஏன் அவுத்திய?"

"சாமி இருக்குத எடத்துல முண்டாசோட நின்னு பேசலாமாளா?"

"ஆமா, இப்பந்தான் உங்களுக்கு மருவாதி தெரிஞ்சுது! ஒண்ணு செய்யுங்க. அம்மை போட்டிருக்குன்னு உள்ள போயிப் போத்திப் படுத்துக்கிடுங்க. வேப்பங்கொலை சொருகி வச்சிருதேன்."

"அம்மை போட்ட வீட்டுல யாரு பொண்ணு பாப்பா?"

முப்பிடாதியம்மாளுக்கு அது தோன்றவில்லை. தோன்றாத கோபத்தில் அழ ஆரம்பித்தாள். உளுந்தை ஆட்டிக்கொண்டிருந்த ரத்தினம் கையைக் கழுவிவிட்டு வந்தாள்.

"எய்யா, அவுக எண்ணெய ஊத்தியிருந்தா?"

"அந்த அம்மா விழுந்திருப்பா."

மேலகரத்துப் பந்தியும் பாயசமும் ரத்தினத்தின் கண்ணில் வந்து போனது அப்பாவுக்குத் தெரிந்தது. பிறகு பரணில் ஏறி, அம்மா ஒளித்து வைத்திருந்த சுரண்டியை எடுத்துவந்து, வாசலுக்கு எதிரே இருந்த பழைய ஆணியிலேயே மாட்டினாள்.

"அந்தச் சட்டய மசூது மாமாட்டயே குடுத்திருங்க. உங்களப் பாக்க வாறவுக சட்டயப் பாத்திட்டுப் போயிரப் போறாக" என்றாள். சொல்லிவிட்டு ஆட்டுரலுக்குத் திரும்பினாள்.

நாலு மணிக்கு வாசலில் கால் சத்தம் கேட்டது. குத்தாலிங்கம் துவைத்த காக்கி டிராயரோடும் தன் பழைய பனியனோடும் எழுந்து நின்றார். பழக்கதோஷம், முதலில் காலைத்தான் பார்த்தார். முன்னால் வந்தது அகலமான ஆம்பிளைக் கால். பின்னால், வாசற்படியில் பெருவிரலை வைத்து யோசித்து நின்றது, உள்பக்கமாக வளைந்த இடது கால்.

குத்தாலிங்கம் மெல்லத் தலையை நிமிர்த்தினார். இருபத்திரண்டு சாரலில் முதல் தடவையாகக் காலோடு நிற்காமல் முகத்தையும் பார்த்தார். ஐம்பது வயதுக்கு மேலான, மஞ்சள் பூசிய, களைத்த முகம். ஈரத் தலையின் நுனியில் முடிச்சு.

சிவனணைந்தபெருமாள் பாயில் உட்கார்ந்தார். சுவரில் தொங்கிய சுரண்டியைப் பார்த்தார். குத்தாலிங்கத்தைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"பஞ்சாயத்து ஆபீஸ் குத்தாலிங்கத்துட்ட ஒரு புகாரு சொல்லணும்."

"சொல்லுங்க அண்ணாச்சி. ஆபீஸு தொறந்துதான் இருக்கு."

கதவுக்குப் பின்னால் முப்பிடாதியம்மாள் "ஐயோ" என்றாள். பிறகு பொறுக்காமல் வெளியே வந்தாள். "அவுக மேல தப்பில்ல. உத்தியோகம்னு சொன்னது நாந்தான். பெத்தவ பதறிச் சொல்லிட்டேன். பொய்க்குள்ள தண்டனைய எனக்குக் குடுங்க, எம் புள்ளைக்குக் குடுக்காதிய."

"நீங்க இருங்க தாயி" என்று அந்தக் களைத்த முகத்துக்காரி பேசினாள். சிவனணைந்தபெருமாளின் மனைவி பேச்சியம்மாள். "புகாரு எனக்குல்லா? நாஞ் சொல்லுதேன். பன்னெண்டு வருசத்துக்கு முந்தி கொளத்துப் படியில வழுக்கி விழுந்தேன். எலும்பு சேந்தது கோணச் சேந்துபோச்சு. அன்னையில இருந்து ஈரத்தக் கண்டா நடுக்கம். வீட்டுலகூட மணைபோட்டு உக்காந்துதான் குளிப்பேன். இவுக அந்தக் காலுக்காகத்தான் குத்தாலத்துச் சாமிக்கு எண்ணெ நேந்தாக. ஒரு எட்டு அருவியில நனஞ்சிட்டு வந்திருவோம்னு எறங்குனேன். ஓரத்துல ஒரு கல்லு. கால வச்சேன். காலு புடிச்சிக்கிட்டு. இன்னொரு காலயும் வச்சேன். பெறவு பயமே வரல. அர மணி நேரம் நின்னேன் அண்ணாச்சி, யாரையும் பிடிக்காம, ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு."

சொல்லும்போதே அவள் கை இரண்டும் கொஞ்சம் மேலே எழுந்தன.

"ஏறி வந்தா இவுக சீசாவோட ஒக்காந்து அழுதுக்கிட்டு இருக்காக. எங் காலுக்கு நேந்த எண்ணெயாலயே எங் கால ஒடைக்கப் பாத்தேனேன்னு. கீழ நிக்குத ஆளுகதான் லிங்கம்னு ஒருத்தரு சொன்னதையும் சொன்னாக. அந்தக் கல்லத் தேச்சது யாருன்னு தெரியாமலே நான் கும்பிட்டுட்டு வந்தேன். இப்பந்தான் பாக்கேன்."

ஓட்டின்மேல் சாரல் விழுந்துகொண்டிருந்தது. கிண்டல் பேசியே பழகிய குத்தாலிங்கம் சுவரில் தொங்கிய சுரண்டியைத் திரும்பிப் பார்த்தார். "அது மூணாங்கல்லும்மா. அதுக்கு ரெண்டு தடவ கதம்பை போடுவேன்" என்றார். உத்தியோகம் என்னவென்று கேட்டவர்களுக்கு இதுவரை அவர் இவ்வளவு நேராகப் பதில் சொன்னதில்லை.

"உத்தியோகம்னு சொன்னதுல பொய்யி ஒண்ணுமில்ல" என்றார் சிவனணைந்தபெருமாள் முப்பிடாதியம்மாளைப் பார்த்து. "எந்த ஆபீஸுன்னுதான் நீங்க சரியாச் சொல்லல." பிறகு பையைத் திறந்து சீசாவை எடுத்து நடுவில் வைத்தார். "இத என்ன செய்யணும்னு அவருட்டயே கேக்கலாம்னு வந்தேன். நேந்தது. திருப்பிக் கொண்டுபோகக் கூடாது."

குத்தாலிங்கம் யோசித்தார். அவருக்கு முன்னால் பேச்சியம்மாளுக்கு யோசனை வந்துவிட்டது.

"ஒரு கரண்டி வெளக்குக்கு. மிச்சத்த உள்ள இருக்குத எம் மருமவட்டக் குடுங்க. மாவு ஆட்டுன வாசம் வருது. வடை சுடட்டும். நாலு லிங்கம் இங்கன பசியோட இருக்கு."

'மருமவ' என்ற சொல்லைக் கேட்டதும் உள்ளே ஏதோ பாத்திரம் விழுந்தது. அன்றைக்கு அந்த வீட்டில் வடை, குற்றாலநாதருக்கு நேர்ந்த நல்லெண்ணெயில் வெந்தது. மசூதுக்கும் சட்டையோடு சேர்த்து எட்டு வடை போனது. "சட்டை போடாமயே கலெக்டர் எந்திச்சிட்டாரு போலுக்கே" என்றார் அவர்.

மறுநாள் இருட்டுப் பிரிகிற நேரம். குத்தாலிங்கம் மாமியார்க் கல்லை முடித்துக் கட்டில் கல்லில் மணல் போட்டுக்கொண்டிருந்தபோது, பின்னால் யாரோ வேட்டியை மடித்துக் கட்டுகிற சத்தம். சிவனணைந்தபெருமாள். கல்லுக்குக் கொஞ்சம் தள்ளியே செருப்பைக் கழற்றியிருந்தார், கோயில் வாசலில் கழற்றுகிற மாதிரி, ஜோடியாக.

"முத பஸ்ஸுக்கு இன்னும் நேரம் கெடக்கு. அந்தக் கதம்பையக் குடும் சம்பந்தி. மூணாங்கல்ல நான் தேய்க்கேன். எண்ணெ ஊத்தத்தான் கூடாது, தேய்க்கலாம்லா?"

"நெத்தியில போட்டிருக்குதது அழிஞ்சிரும் சம்பந்தி."

"அழியட்டும்."

மனிதர் மண்டியிட்டுத் தேய்த்தார். மருந்து இடித்த கை, வேகம் இருந்தது. திருநீறு கரைந்து மூக்கு வழியாக இறங்கியது. மூச்சுக்கு மூச்சு சிவசிவா. கழுவிவிட்டு, நிமிர்ந்து, பரீட்சை எழுதி முடித்தவரைப்போலப் பார்த்தார். குத்தாலிங்கம் கண்ணை மூடிக்கொண்டு மூன்றாம் கல்லில் ஏறி, ஒரு நடை நடந்தார். திரும்ப ஒரு நடை நடந்தார். இடது ஓரத்தில் நின்றார்.

"எப்படி?" என்றார் சிவனணைந்தபெருமாள்.

"இங்கன வழுக்குது சம்பந்தி" என்றார் குத்தாலிங்கம், கண்ணைத் திறக்காமல். "இன்னொரு தடவ போடும்."

சிவனணைந்தபெருமாள் மறுபேச்சு இல்லாமல் கதம்பையை எடுத்துக்கொண்டு மண்டியிட்டார்.